லூயிஸ் விடுதலை

ஃபர்வானியா, குவைத்
6-5-1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். மன்னியும் குழந்தைகளும் சௌக்கியமா என்று நான் கேட்டதாகவும், சௌக்கியம் என்று நீ எழுதியதாகவும் வைத்துக்கொள். குசலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. வயிறு பற்றி எரிகிறது.

உங்கள் துபாய் டி.வி.யில் அந்த அமெரிக்கக் கேஸ் வருகிறதா? இங்கே மூன்று வாரமாக, செவ்வாயும் சனியும், இங்கிலீஷ் நியூஸ் முடிந்ததும் போடுகிறார்கள். சினிமா இல்லை. நிஜக் கோர்ட், நிஜ ஜட்ஜ், நிஜமாகவே அழுகிற ஜனங்கள். அந்த ஊரில் கோர்ட்டுக்குள்ளேயே காமிராவை விட்டிருக்கிறார்களாம். ஒரு மெத்தை ஃபாக்டரியில் தீப்பிடித்து ஐந்து பெண்கள் செத்துப்போனார்கள். பின்கதவு வழியாக ஓடித் தப்பித்திருக்கலாம். ஆனால் அது வெளியே பூட்டியிருந்தது. பூட்டியவன் லூயிஸ் என்கிற வாட்ச்மேன். ஐம்பது வயதிருக்கும். கோட்டு இரவல் வாங்கியது போலத் தோளில் தொங்குகிறது. "சூப்பர்வைசர் பிராடி பூட்டச் சொன்னார், பூட்டினேன்" என்கிறான். வேலை நேரத்தில் பெண்கள் பின்பக்கம் போய் நின்றுவிடுகிறார்கள் என்று பிராடிக்குக் கோபமாம். அந்தப் பிராடியைக் கூப்பிட்டுக் கேட்டால், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை" என்கிறான்.

ஞாபகம் இல்லையாம்! நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு ஷம்சாத் டீயைக் கொட்டிக்கொண்டாள். கராச்சிக்காரி, கேஸ் நாளில் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். உன் மாப்பிள்ளையோ பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மெதுவாத் திட்டுடி, அமெரிக்கா வரைக்கும் கேட்கப்போறது" என்கிறார். அவருக்கு எல்லாமே வேடிக்கை.

நீ என்ன நினைக்கிறாய், எழுது. என் பக்கம்தான் பேசுவாய் என்று நம்புகிறேன்.

ஷியாமளா

&nbsp;

தேரா, துபாய்
18-5-1979

சௌ. ஷியாமளாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. நீ சொல்லும் கேஸ் இங்கேயும் வருகிறது. ஆனால் குவைத்தில் போட்டு முடித்த டேப்பைத்தான் அப்புறம் எங்களுக்கு அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. நாங்கள் மூன்று வாரம் பின்னால் இருக்கிறோம். பிராடி இன்னும் வாயே திறக்கவில்லை, நீ அதற்குள் அவன் என்ன சொன்னான் என்று எழுதிவிட்டாய். இனிமேல் நடக்கப்போவதை எழுதாதே. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் பார்க்கிறோம். டீ நேரத்தில் லூயிஸ் கட்சி, பிராடி கட்சி என்று இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள்.

நான் எந்தக் கட்சி என்று கேட்கிறாய். உனக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்கிறேன். நிர்வாகத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு நாளைக்கு நூறு விஷயம் சொல்கிறோம். எதைச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை என்று யாருக்கு நினைவிருக்கும்? மாட்டிக்கொண்டவன் ஒவ்வொருவனும் மேலே கையைக் காட்டத்தான் செய்வான். கதவைப் பூட்டினவனுக்கு உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதா?

இங்கே எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. போன மாதம் எங்கள் கட்டட சைட்டில் ஒரு விபத்து. பெயிண்ட் ஸ்டோரில் தீப்பிடித்து, கௌஸ் முகைதீன் என்று ஒரு பெயிண்டர் போய்விட்டான். ஸ்டோர் வாட்ச்மேன் கார்மேகம் என்பவனைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. அவன் முதுகுளத்தூர்ப் பக்கம். தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. ஸ்டேஷனில் அவன் பேசுவது யாருக்கும் புரியாமல் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவன் சொன்னதை நான் இங்கிலீஷில் சொல்ல, அங்கிருந்தவர் அரபியில் எழுதிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். எங்கள் மேனேஜர், வெள்ளைக்காரர், சாதாரணமாக யாரையும் பாராட்டாதவர், "ரகுநாதன் இல்லையென்றால் கஷ்டம்" என்றார்.

உன் மன்னி ஜலஜா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வெயில் ஆரம்பித்துவிட்டது.

ரகுநாதன்

&nbsp;

ஃபர்வானியா
30-5-1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ பிராடி கட்சி என்று படித்ததும் உன் கடிதத்தை ஃப்ரிட்ஜ் மேல் எறிந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்து மறுபடி படித்தேன். அப்போதுதான் கடைசியில் நீ போகிற போக்கில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

ஐந்து பெண்கள் செத்த கேஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாய். உன் சைட்டில் செத்தவனுக்கு ஒரே ஒரு வரி! யாரோ கை கொடுத்தது அதைவிட நீளமாக இருக்கிறது.

நான் கேட்பதற்குப் பதில் சொல். கௌஸ் முகைதீன் அந்த ஸ்டோருக்குள் என்ன செய்துகொண்டிருந்தான்? தீப்பிடித்ததும் ஏன் வெளியே ஓடிவரவில்லை? கதவு பூட்டியிருந்ததா? பூட்டியிருந்தால் அந்தக் கார்மேகம் தன் இஷ்டத்துக்கா பூட்டினான்? ஒரு வாட்ச்மேன், அதுவும் கை கட்டியே நின்று பழகினவன், வேலை நேரத்தில் தானாக ஒரு ஸ்டோரைப் பூட்டுவானா?

கடைசியாக ஒன்று. ஸ்டேஷனில் கார்மேகம் தமிழில் என்ன சொன்னான்? நீ இங்கிலீஷில் என்ன சொன்னாய்?

அதிகப் பிரசங்கி என்று திட்டிக்கொள். பி.ஏ. முடித்ததும் லா படிக்கிறேன் என்று நான் கேட்டபோது அப்பா கூட யோசித்தார். "பெண்பிள்ளை கோர்ட்டில் போய் நாலு பேர் முன்னால் கத்தணுமா" என்று சொல்லி அதை மூடினது நீதான். சரி, கோர்ட்டில் கத்தவில்லை. உன்னிடம் கத்துகிறேன்.

ஷியாமளா

&nbsp;

தேரா
10-6-1979

ஷியாமளாவுக்கு,

டி.வி. பார்த்துப் பார்த்து உனக்குப் புத்தி கெட்டுவிட்டது. எங்கோ அமெரிக்காவில் நடப்பதை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறாய். நீ குறுக்கு விசாரணை செய்ய நான் ஒன்றும் கூண்டில் நிற்கவில்லை. உன்னைவிட எட்டு வயது மூத்தவன்.

கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த ஸ்டோரில் பெயிண்ட் கெடாமல் இருக்க ஏ.சி. உண்டு. சைட்டில் வேறு எங்கும் கிடையாது. மத்தியான இடைவேளையில் பையன்கள் டிரம்களுக்குப் பின்னால் போய்ப் படுத்துத் தூங்கிவிடுவார்கள். இது தப்பு. எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்கு மின்கோளாறு, பக்கத்தில் பெயிண்ட் கலக்கும் தின்னர். அவ்வளவுதான். கதவு பூட்டியிருந்தது, உண்மை. இடைவேளையில் பூட்டுவது ஒரு ஏற்பாடு. கார்மேகம் உள்ளே பார்த்துவிட்டுப் பூட்டியிருக்க வேண்டும். அவன் சாப்பிடப் போய்விட்டான். செத்தவன் அவனுடைய ரூம்காரனாம், ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களாம். எனக்கும் வருத்தம்தான். நான் என்ன கல்லா?

ஸ்டேஷனில் நடந்தது ஆபீஸ் விஷயம். கடிதத்தில் எழுதக்கூடியது இல்லை.

நேற்று இங்கே பிராடியைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். லூயிஸின் வக்கீல் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியும் ஒன்றும் பெயரவில்லை. வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு என்ன சாட்சி? பக்கத்தில் யாரும் இல்லை. எழுத்தில் இல்லை. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நீயே பார், அவனை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ரகுநாதன்

&nbsp;

ஃபர்வானியா
20-6-1979

அண்ணா,

மன்னி எனக்கு எழுதியிருக்கிறாள். புகாராக இல்லை, கவலையாக. கேஸ் வருகிற நாளில் நீ தட்டைக் கூட முழுசாக முடிப்பதில்லையாம். பிராடி வாயைத் திறந்தால் எழுந்து போய் டி.வி.க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறாயாம். அவன் எப்படித் தண்ணீர் குடிக்கிறான், எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று பரீட்சைக்குப் படிப்பது போலப் பார்க்கிறாயாம். குழந்தைகள் பேசினால் எரிந்து விழுகிறாயாம்.

இதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நீ பிராடி கட்சி இல்லை அண்ணா. நீதான் பிராடி.

"ஒரு ஏற்பாடு" என்று எழுதியிருக்கிறாய். ஏற்பாடு என்றால் யார் ஏற்பாடு? வெள்ளைக்கார மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. கார்மேகத்துக்கு இங்கிலீஷ் தெரியாது, ஹிந்தி தெரியாது. அப்படியானால் "பூட்டு" என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல அந்தக் கம்பெனியில் எத்தனை வாய் இருக்கிறது? ஒன்றுதான். நான் சொல்வது பொய் என்றால், "பொய்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போடு. நான் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் கேஸைப் பற்றி இனி பேச்சே எடுக்கமாட்டேன்.

இங்கே ஷம்சாத் தினமும் நமாஸில் லூயிஸுக்காக வேண்டிக்கொள்கிறாளாம். முன்பின் தெரியாதவனுக்கு ஒருத்தி வேண்டிக்கொள்கிறாள். கார்மேகமோ தினமும் உனக்கு சலாம் போட்டவன்.

ஷியாமளா

&nbsp;

தேரா
2-7-1979

ஷியாமளா,

நீ கேட்ட அந்த ஒற்றை வார்த்தையை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. வரவில்லை.

ஆமாம். நான்தான் சொன்னேன். மேனேஜர் மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது நடந்துகொண்டே சொன்னார்: "பன்னிரண்டு அடித்ததும் பூட்டச் சொல். உள்ளே எவன் இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். இரண்டு பேர் மாட்டிக்கொண்டால்தான் மற்றவனுக்குப் புத்தி வரும்." நான் போய்க் கார்மேகத்திடம் அதைத் தமிழில் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆள் இருந்தா பாவம்ல சார்" என்றான். நான், "சொன்னதைச் செய்யி" என்றேன். ஒரு கூட்டல் இல்லை, ஒரு கழித்தல் இல்லை. என் வேலையே அதுதான். மேலே இருப்பவர் சொல்வதைக் கீழே சொல்வது. இதில் நான் என்ன குற்றம் செய்தேன், சொல்லு?

ஸ்டேஷனில் கார்மேகம் இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூட்டைத் திறக்கப் போய் வெந்துபோன கை. "நீங்கதான சார் பூட்டச் சொன்னீங்க, சொல்லுங்க சார், இவுகள்ட்ட சொல்லுங்க" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். பக்கத்தில் மேனேஜர் நிற்கிறார். இன்ஸ்பெக்டர் "என்ன சொல்கிறான்" என்று கேட்கிறார். "வழக்கம் போலப் பூட்டினேன் என்கிறான்" என்றேன். நான் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து எனக்குக் கும்பிடு போட்டான்.

இதை எழுதும்போது எனக்கு உன் மேல்தான் ஆத்திரம் வருகிறது. இரண்டு குழந்தைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன. ஊரில் அம்மா. வாயைத் திறந்தால் மறுநாளே கலாஸ், முடிந்தது போ என்று கையைத் தட்டிவிடுவார்கள். போலீஸ் என்னையும் சேர்த்து உள்ளே வைக்காது என்று நீ எழுதிக் கொடுப்பாயா? ஏ.சி. ரூமில் உட்கார்ந்து நியாயம் பேசுவது சுலபம்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி கோர்ட். கார்மேகத்துக்கு மொழிபெயர்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி என்னையே அனுப்புகிறது.

ஒரு உதவி செய். ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ குவைத்தில் தீர்ப்பைப் போடுவார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். உங்களுக்கு முதலில் தெரிந்துவிடும். தெரிந்ததும் ஒரு தந்தி அடி. ஆபீஸில் பந்தயம் கட்டியிருக்கிறோம், அதற்காகத்தான்.

ரகுநாதன்

&nbsp;

ஃபர்வானியா
14-7-1979

அண்ணா,

பந்தயமாம்! நான் உன்னோடு பிறந்தவள், என் காதில் பூ சுற்றாதே.

உன் கடிதத்தை உன் மாப்பிள்ளையிடம் காட்டினேன். எதையும் வேடிக்கையாகப் பேசுகிறவர், படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "அவன் கும்பிட்டானாமே" என்று மட்டும் சொன்னார்.

என்ன அநியாயம் இது! யார் மேல் குற்றம் சொல்கிறானோ அந்த ஆளின் வாய் வழியாகத்தான் அவன் கோர்ட்டில் பேச வேண்டும். அமெரிக்காவில் லூயிஸ் தோற்றாலும் ஜெயித்தாலும் அவன் சொன்னது அவன் வாயால் எல்லோர் காதிலும் விழுந்தது. கார்மேகத்துக்கு அதுவும் இல்லை. அவன் கத்தினாலும், அழுதாலும், மண்ணை வாரித் தூற்றினாலும் உன் கையில்தான் இருக்கிறது. இப்படி ஒரு அதிகாரத்தை யார் உனக்குக் கொடுத்தது?

உனக்குப் பயம் இருக்கும், தெரியும். குழந்தைகளை நினைத்தால் எனக்கும்தான் பயம். வேலை போனால் இங்கே வந்து இருங்கள், அல்லது ஊருக்குப் போங்கள். பட்டினி கிடக்க விடமாட்டோம். ஆனால் அந்த மனிதனை உள்ளே தள்ளிவிட்டு நீ கொண்டுவரும் எதையும், ஒரு சாக்லேட்டைக் கூட, நான் கையால் தொடமாட்டேன்.

தந்தி அடிக்கிறேன்.

ஷியாமளா

&nbsp;

தந்தி
குவைத், 5-8-1979

லூயிஸ் விடுதலை. பொய்ச் சாட்சிக்காகக் கோர்ட்டிலேயே பிராடி கைது. ஷியாமளா.

&nbsp;

தேரா
12-8-1979

அன்புள்ள ஷியாமளா,

உன் தந்தி ஆறாம் தேதி கிடைத்தது. ஜலஜாவிடம் கூடக் காட்டவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நோன்பு மாதம் என்பதால் கோர்ட் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. டி.வி.யில் பார்த்தது போல ஜூரியெல்லாம் இல்லை. சின்ன அறை, மேலே ஃபேன், எதிரே ஜட்ஜ். கார்மேகத்தை அழைத்து வந்தார்கள். கைக்கட்டு அவிழ்த்திருந்தது. உள்ளங்கை இரண்டும் வெளுத்து இழுத்துக்கொண்டிருந்தன. ஏன் பூட்டினாய் என்று கேட்டார்கள். நான் தமிழில் கேட்டேன். அவன் ஸ்டேஷனில் சொன்னதையே சொன்னான். "ரகுநாதன் சாருதான் பூட்டச் சொன்னாரு. ஆள் இருக்கான்னு பாக்க வேணாம்னாரு. நான் சத்தங்குடுத்தேன், கௌஸு எந்திரிக்கல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பிராடி ஞாபகம் வந்தான். அப்படியே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் இல்லையா, அத்தனை காமிராவுக்கும் முன்னால்? அவன் பெண்டாட்டி பிள்ளைகள் டி.வி.யில் பார்த்திருப்பார்கள். கார்மேகம் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். கோர்ட் ஆள் அதை அரபியில் சொல்லிவிட்டு, "யார் அந்த ரகுநாதன்" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். மேனேஜர் எனக்கு என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். ஸ்டேஷனில் நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன்.

அன்று என்னைச் சாயங்காலம் வரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். மறுபடி எழுதி வாங்கினார்கள். நாலு நாளில் கார்மேகத்தை விட்டுவிட்டார்கள். ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு. என்னைக் கண்டித்துவிட்டு, போகலாம் என்றார்கள். மேனேஜரைக் கூப்பிட்டு அனுப்பியபோது அவர் லீவில் இங்கிலாந்து போய்விட்டாராம். திரும்பி வருவதாகத் தெரியவில்லை. எனக்குக் கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும். நீ எழுதினது போலவே குவைத்துக்கு வரலாமா என்று ஜலஜா கேட்டாள். வேண்டாம் என்றேன். ஊர்தான்.

ஆனால் ஷியாமளா, இத்தனைக்கும் அப்புறம் மூன்று நாளாக நன்றாகத் தூங்குகிறேன். நல்ல வேளையாக நீ தந்தி அடித்தாய். பிராடி கதி எனக்கு வராமல் காப்பாற்றினாய்.

உன் அண்ணா
ரகுநாதன்

&nbsp;

தேரா
26-8-1979

ஷியாமளாவுக்கு,

பெருநாள் லீவில் நேற்று எல்லோரும் வீட்டில் இருந்தோம். மூட்டை கட்டி முடித்து டி.வி. மட்டும்தான் பாக்கி. கேஸின் கடைசி நாளைப் போட்டார்கள். பிராடியைப் பிடிப்பதைப் பார்க்கலாம் என்று குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

ஜூரி எழுந்து "குற்றவாளி" என்றார்கள். லூயிஸை. பிராடி பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எழுந்தான், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான், பக்கத்தில் இருந்தவனுக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே போனான். அவ்வளவுதான். அவனை ஒரு ஈ கூடத் தொடவில்லை!

உனக்கு வெட்கமாக இல்லை? எனக்கு எத்தனை உபதேசம் பண்ணினாய்! கார்மேகம் சொன்னதை நீ மாற்றிச் சொல்லலாமா, பொய் சொல்லலாமா என்று பக்கம் பக்கமாக எழுதினவள் நீ. நீ மட்டும் என்ன செய்தாய்? இல்லாத தீர்ப்பை எனக்குத் தந்தியில் அனுப்பினாய். நான் சொன்னதாவது ஒரு வரி, பயத்தில் வாய் தவறி வந்தது. நீ தந்தி ஆபீஸ் வரைக்கும் நடந்து போய், வரிசையில் நின்று, எழுதிக் கொடுத்துப் பொய் சொல்லியிருக்கிறாய்.

நான் அந்தத் தந்தியை நம்பித்தான் வாயைத் திறந்தேன். தெரிந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அவர்கள் ஊரிலேயே பிராடி தப்பித்துக்கொண்டான். என்னை மட்டும் பிடித்து நியாயத்தின் வாயில் தள்ளிவிட்டாய். என் வேலையை, என் குழந்தைகளின் படிப்பை உன் இஷ்டத்துக்கு எடுத்து விளையாடினாய். கூடப் பிறந்தவளுக்கு இது அடுக்குமா?

முப்பதாம் தேதி பம்பாய்க் கப்பலில் கிளம்புகிறோம். பதில் எழுதினால் கோட்டைத் தெரு விலாசத்துக்கு எழுது. எழுதாவிட்டாலும் பாதகமில்லை.

ரகுநாதன்

&nbsp;

ஃபர்வானியா
3-9-1979

அண்ணா,

பொய்தான். என்னை நீ எப்படித் திட்டினாலும் எனக்கு ஏறாது, ஏனென்றால் இன்னொரு தடவை செய்யச் சொன்னாலும் செய்வேன்.

அன்று சனிக்கிழமை. தீர்ப்பைக் கேட்டதும் ஷம்சாத் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. லூயிஸைப் பார்த்தாயா? ஜூரி சொன்னது அவனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. வக்கீல் பக்கம் குனிந்து, "என்ன சொன்னார்கள்" என்று கேட்டான். வக்கீல் அவன் காதில் சொன்னார். அதைப் பார்த்ததும் எனக்குக் கார்மேகம்தான் ஞாபகம் வந்தான். அவன் பக்கம் குனிந்து சொல்லப்போகிறவன் நீ. உனக்குத் தந்தியில் என்ன போகிறதோ அதைத்தான் நீ சொல்லப்போகிறாய் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உண்மையைத் தந்தி அடித்திருந்தால் கார்மேகத்தைக் கைப்பட உள்ளே தள்ளினவள் நானாக இருந்திருப்பேன்.

மறுநாள் காலையில் தந்தி ஆபீஸுக்கு உன் மாப்பிள்ளையும் கூட வந்தார். நான் எழுதினதை எட்டிப் பார்த்து, "இது பொய்டி" என்றார். "தெரியும்" என்றேன். தாளை வாங்கி இன்னொரு தடவை படித்தார். அப்புறம், "போஸ்ட் பாக்ஸ் நம்பரைச் சரியா எழுது, தப்பாப் போயிடப்போறது" என்றார்.

பயத்தில் வாய் தவறியது என்று எழுதியிருக்கிறாய். இல்லை அண்ணா. பயத்தில் நீ மேனேஜரைக் காப்பாற்றினாய். நானும் பயந்துதான் பொய் சொன்னேன். நீ ஆயுசு முழுக்க அந்தக் கும்பிடைச் சுமந்துகொண்டு திரிவாயே என்று பயந்தேன்.

வேலை போனது என்னால்தான். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் சொல். ஏழாம் தேதி கோர்ட்டில் நீ சொன்னதில் எது பொய்?

ஷியாமளா

&nbsp;

கோட்டைத் தெரு, திருச்சி
20-9-1979

அன்புள்ள ஷியாமளா,

பம்பாயில் பத்து நாள் தங்கிவிட்டு வருவதற்குள் உன் கடிதம் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அம்மா பிரிக்காமல் வைத்திருந்தாள். அதைப் படிப்பதற்கு முன்பே நடந்த ஒன்றை உனக்கு எழுத வேண்டும்.

அதே கப்பலில்தான் கார்மேகமும் வந்தான். கீழ்த்தட்டில், கும்பலோடு. நான் முதல் நாள் முழுக்க வெளியே தலை காட்டவில்லை. அவனைப் பார்த்தால் என்ன பேசுவது? மஸ்கட் தாண்டிய பிறகு ஒரு காலையில் ஜலஜா குழந்தைகளை மேல்தட்டுக்கு அழைத்துப் போனவள், அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் எழுந்து நின்றான். கும்பிடப் போனவனைக் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்த உள்ளங்கை காய்ந்த தோல் போல இருந்தது.

ஜலஜா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது, அமெரிக்கக் கேஸின் கடைசி நாளைத் தவிர. "அம்மா சொன்னாங்க சார்" என்றான். "அமெரிக்காவுல என்னைய மாதிரியே ஒருத்தன் கதவைப் பூட்டிப்புட்டு மாட்டிக்கிட்டானாமே. டி.வி.யில பாத்தீகளாம்ல. அவன விட்டாகளா சார்?"

உன் மேல் அத்தனை ஆத்திரத்தோடு கப்பல் ஏறினவன் நான். ஜலஜாவிடம் நாலு நாளாக உன் பேரை எடுக்கவிடவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே அவன் முகம். கௌஸ் முகைதீன் வீட்டுக்குப் போய் அவன் தாயிடம் என்ன சொல்வது என்று அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் ஜலஜாவிடம் கேட்டுக்கொண்டிருந்தானாம்.

"விட்டுட்டாங்க கார்மேகம்" என்றேன்.

"பூட்டச் சொன்ன ஆள?"

"அவனைப் பிடிச்சுட்டாங்க. கோர்ட்லயே."

"அங்கிட்டாச்சும் புடிச்சாகளே சார்" என்றான்.

ஜலஜா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. எங்கள் மேனேஜர் இங்கிலாந்தில் எந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. அதைக் கார்மேகம் கேட்கவும் இல்லை.

நீ கேட்டது சரிதான், கோர்ட்டில் நான் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. அதனால் உன் மேல் இருந்த கோபத்தையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. கார்மேகம் ஊருக்குப் போய் நாலு பேரிடம் இதைச் சொல்வான். என்றைக்காவது யாராவது வந்து நம்மிடம் கேட்டால், நம் இருவர் சாட்சியும் ஒன்றாக இருக்கட்டும். லூயிஸை விட்டுவிட்டார்கள்.

உன் அண்ணா
ரகுநாதன்